பார்க்காமல் கையெழுத்துப் போடாதவள்

போர்ட் பிளேரில், சாத்தம் படகுத்துறையின் ஈரப் படிக்கட்டில் முழங்கால் கிழிய விழுந்த அன்று, ஒச்சம்மா வீடு மாற்றுவதென்று முடிவு செய்தாள்.

ஹேடோ துறைமுகத்தில் சென்னைக் கப்பல் சரக்கை இறக்கி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. தன் வீடு இருக்கும் பாம்பூஃப்ளாட்டுக்குப் போகும் ஃபெர்ரி கிளம்பப்போகும் சத்தம் கேட்டு ஓடினாள், வழுக்கினாள், விழுந்தாள். விழுந்தபடியே "ருக்கோ, ருக்கோ!" என்று போட்ட கூச்சலில் ஃபெர்ரி நின்றது. கால் வழியே ரத்தம் ஒழுக ஏறி உட்கார்ந்தவளைப் பக்கத்திலிருந்த வங்காளி அம்மாள் பரிதாபமாகப் பார்த்தாள். ஒச்சம்மா முந்தானையால் காலைத் துடைத்துக்கொண்டு, "தெனம் ரெண்டு தடவ தண்ணி தாண்டி வேலைக்கு வந்தது போதும். வேல பாக்குற பக்கமே வீடு பாக்கப் போறேன்," என்று தமிழில் சொன்னாள். அந்த அம்மாளுக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையாட்டினாள்.

ஒச்சம்மாவுக்கு வயது நாற்பத்து மூன்று. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தீவுக்கு வந்தவள். புருஷன் நாகலிங்கம் கட்டட வேலைக்குக் கூட்டிவந்தான். பத்து வருஷம் கழித்து மெயின்லேண்டுக்குப் போனவன் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். ஊருக்குத் திரும்பி வந்துவிடு என்று அண்ணன்மார் போன் போட்டார்கள். "அவன் ஓடிப்போனதுக்கு நான் எதுக்கு ஓடணும்?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

துறைமுகத்தில் சரக்கு எடுக்கும் ஏஜென்ட் ஆபீசில் டீ போடும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் டாலி கிளார்க் வரவில்லை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைப் பட்டியலோடு ஒத்துப் பார்க்க ஆளில்லாமல் முதலாளி தலையில் கை வைத்து நின்றபோது, டீ கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஒச்சம்மா போய் நின்றாள். வெங்காயத்தில் பதினான்கு மூட்டை குறைவு என்று சொன்னாள். லாரிக்காரன் இல்லையென்று சத்தியம் செய்தான். மறுபடி எண்ணினார்கள். பதினான்குதான். அன்றிலிருந்து அவள்தான் டாலி கிளார்க். ஒரே ஒருமுறை, மழைக்கு அவசரப்பட்டு, தார்ப்பாய் போட்டு மூடியிருந்த டைல்ஸ் பெட்டிகளைப் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். பாதிப் பெட்டிகளில் உடைந்த ஓடுதான் இருந்தது. அந்த மாதச் சம்பளம் போயிற்று. அதற்குப் பிறகு, முதலாளியே வந்து நின்றாலும், கண்ணால் பார்க்காத சரக்குக்கு அவள் பேனாவைத் திறக்கமாட்டாள்.

முழங்கால் காயம் ஆறும் முன்பே வீடு பார்க்கக் கிளம்பினாள். ஹேடோவில் மூன்று வீடு, டெய்ரி ஃபார்ம் பகுதியில் நான்கு. எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

பொய் சொல்லத் தோழி விஜயகுமாரி எவ்வளவோ சொல்லிக்கொடுத்தாள். கப்பலில் வேலை என்று சொல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார் என்று சொல், யார் பார்க்கப்போகிறார்கள். ஒச்சம்மா கேட்கவில்லை. "மெயின்லேண்ட்ல வேற பொம்பளையோட இருக்காரு," என்று வாசலிலேயே சொல்லிவிடுவாள். கதவுகள் மெதுவாகச் சாத்திக்கொண்டன. ஒருவர், சொந்தக்காரர்கள் வருவதாகச் சொன்னார். இன்னொருவர், வீட்டில் வெள்ளையடிக்கப் போவதாகச் சொன்னார். புதிதாக வெள்ளையடித்த வாடை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பேஸ்புக் குழு ஒன்றில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. டெய்ரி ஃபார்ம், மாடிப் போர்ஷன், இரண்டு அறை, பளபளவென்று தரை, வாசலில் ஈரப்பலா மரம். வாடகையோ அந்தப் பக்கத்து வாடகையில் பாதி. நம்பருக்குப் போட்டதும் ஒருவன் மரியாதையாகப் பேசினான்.

"வணக்கம் மேடம், நான் ஸ்ரீதர். சென்ட்ரல் கவர்ன்மென்ட்ல இருக்கேன். விசாகப்பட்டினத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு. வீடு சும்மா பூட்டிக் கிடக்கு. நல்ல ஃபேமிலி வந்தா போதும், எனக்குப் பணம் முக்கியமில்ல."

"நான் தனி ஆளு. புருஷன் கூட இல்ல."

"அதெல்லாம் உங்க பர்சனல் மேடம். நான் கேக்கவே மாட்டேன்."

ஒச்சம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது என்னவோ உண்மை. ஏழு வாசலில் அவமானப்பட்டு வந்தவளிடம் ஒருத்தன் ஒன்றுமே கேட்கவில்லை. அடையாள அட்டையின் படம் அனுப்பினான், சாவிக்கொத்தின் படம் அனுப்பினான். முன்பணமும் ஒரு மாத வாடகையும் போட்டுவிட்டால் சாவி கீழ்வீட்டில் கிடைக்கும் என்றான். நாளை மதியத்துக்குள் போடாவிட்டால் வேறு பார்ட்டிக்குப் போய்விடும் என்றும் சொன்னான். அவள் விரல் போனில் அந்த நம்பர் வரை போய்விட்டது.

போன இடத்தில் நின்றது. வீட்டுக்காரன் எதையுமே கேட்காமல் வீட்டைக் கொடுப்பானா? தார்ப்பாய் போட்டு மூடிய டைல்ஸ் பெட்டி நினைவுக்கு வந்தது. மறுபடி போன் போட்டாள்.

"சார், வீடு பூரா புடிச்சிருக்கு. ஒரே ஒரு டவுட்டு. அங்க தண்ணி எத்தன நாளைக்கு ஒரு தடவ விடுறாய்ங்க?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? கார்ப்பரேஷன் தண்ணி, இருபத்து நாலு மணி நேரமும் வரும்!"

ஒச்சம்மா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள். போர்ட் பிளேரில் குழாய்த் தண்ணீர் எந்தெந்த நாள் வரும் என்பதைப் பிறந்தநாள் போல மனப்பாடமாக வைத்திருக்காத குடும்பம் கிடையாது. கோடையில் அந்த நாளும் தள்ளிப்போகும். தண்ணீர் வரும் நாளில் கல்யாண வீட்டுக்குக்கூட ஒருவரை வீட்டில் நிறுத்திவிட்டுத்தான் போவார்கள். இந்த ஊரில் வீடு வைத்திருப்பவன் வாயிலிருந்து இருபத்து நாலு மணி நேரம் என்ற வார்த்தை வராது.

"சரி சார், யோசிச்சு சொல்றேன்," என்று வைத்தாள்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு நம்பரை அழித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். விஜயகுமாரியும் அதைத்தான் சொன்னாள். ஒச்சம்மாவுக்கு அது ஆறவில்லை. படத்தில் ஈரப்பலா மரம் இருக்கிறதே, அந்த மரம் எங்கேயோ நிற்கத்தானே வேண்டும்? மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஃபெர்ரியில் ஏறினாள்.

டெய்ரி ஃபார்மில் முதல் மளிகைக்கடையிலேயே படத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்கள். அது வைஜெயந்தி மேடம் வீடு. மின்சார இலாகாவில் வேலை பார்க்கிறவர்.

வைஜெயந்தி கேட்டைத் திறக்காமலே நின்றார். ஐம்பது வயதிருக்கும். கையில் காய்கறி நறுக்கும் கத்தி.

"வாடகைக்குத்தானே வந்தீங்க? இந்த மாசத்துல நீங்க நாலாவது ஆளு. வீடு காலியா இல்லைங்க. போன வருஷம் மாடிய வாடகைக்கு விட்டப்போ போட்ட போட்டோ அது. எவனோ எடுத்து வச்சுக்கிட்டு ஆட்டம் போடறான். நான் என்ன பண்ண முடியும்?"

"மத்த மூணு பேரும் பணம் கட்டிட்டாகளா மேடம்?"

"ஒருத்தர் கட்டிட்டு வந்து என்கிட்ட சண்டை போட்டார். நான் கேட்டைப் பூட்டிக்கிட்டேன்."

அந்தப் பேச்சு முடிவதற்குள் ஒரு சின்னச் சரக்கு வண்டி வந்து கேட்டை ஒட்டி நின்றது. கட்டில், மெத்தை, இரும்பு டிரங்க், பிளாஸ்டிக் குடங்கள். முன்னாலிருந்து ஓர் இளைஞனும் கருப்புப் புர்கா அணிந்த பெண்ணும் இறங்கினார்கள். இளைஞன் முகமெல்லாம் சிரிப்பு.

"ஸ்ரீதர் சார் சொல்லியிருப்பாரு. மாடி வீட்டுச் சாவி..."

வைஜெயந்தி ஒச்சம்மாவைப் பார்த்தார். ஒச்சம்மா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பெண்ணுக்கு முதலில் புரிந்துவிட்டது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கணவனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் பெயர் அப்துல் ஹாதி. பஜாரில் துணிக்கடையில் வேலை. அவள் அஸ்ரின். கல்யாணமாகி எட்டு மாதமாக அவன் அண்ணன் வீட்டில், ஒரே அறையைத் திரைச்சீலை போட்டுப் பிரித்துக்கொண்டு இருந்தார்கள். அஸ்ரினின் இரண்டு வளையலை விற்றுச் சேர்த்த முன்பணத்தை அன்று காலை எட்டு மணிக்குத்தான் போட்டிருந்தான். அண்ணியிடம் விடைபெற்றுக்கொண்டு, சாமானை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

ஹாதி ஸ்ரீதரின் நம்பருக்குப் போட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. இரண்டாம் முறை, அணைத்து வைத்திருப்பதாகக் குரல் வந்தது. அவன் அப்படியே வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"அரே பாய், சாமான் உதாரோ, சீக்கிரம் இறக்குங்க, எனக்கு அடுத்த டிரிப் இருக்கு," என்றான் வண்டிக்காரன்.

"இரு பையா," என்று ஒச்சம்மா அவனை அடக்கிவிட்டு, கேட்டுக்கு உள்ளே பார்த்தாள். "மேடம், உங்க கார் ஷெட்டுல இந்தச் சாமான இன்னைக்கு ஒரு நாள் வச்சுக்கிறோம்."

"அய்யய்யோ, நான் எதுக்கு இதுல..."

"நீங்க ஒண்ணும் பண்ணல. ஒங்க வீட்டு போட்டோவ வச்சுத்தான் இந்தப் புள்ளையோட வளையலப் புடுங்கியிருக்கான். இன்னைக்கு நாலாவது ஆளு, நாளைக்குப் பத்தாவது ஆளு வரும். கேட்டப் பூட்டுனா நிக்குமா?"

வைஜெயந்தி கத்தியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டார்.

சாமான் இறங்கியதும் ஹாதி எழுந்தான். "வேணாம்க்கா. போனது போகட்டும். கம்ப்ளைன்ட் அது இதுன்னு போனா அண்ணனுக்குத் தெரிஞ்சுடும். மானம் போயிடும்."

"யாரு மானம்? திருடுனவன் ஏசியில ஒக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கான். அவனுக்கு வெக்கமில்ல. ஒனக்கு எதுக்குய்யா வெக்கம்? போன எடு."

"எங்க போடறது?"

"ஒண்ணு ஒம்போது மூணு சைபர். இந்த மாதிரி மோசடியச் சொல்ற போலீசு நம்பரு, எங்க ஆபீஸ் சுவத்துலயே ஒட்டியிருக்கு. பணம் போன சூட்டோட சொன்னாத்தான் பேங்குல நிறுத்துவாய்ங்களாம். நீ எட்டு மணிக்குப் போட்டிருக்க. இப்ப பத்தரை. வெக்கப்பட நேரமில்ல தம்பி."

அவன் தயங்க, அஸ்ரின் போனைப் பிடுங்கி அடித்தாள். இந்தியில் திருத்தமாகப் பேசினாள். பணம் போட்ட நேரம், பரிவர்த்தனை எண், போன் நம்பர் எல்லாம் கேட்டுப் பதிவு செய்து, புகார் எண் கொடுத்தார்கள். எச்சில் விழுங்காமல் பேசி முடித்தவள், வைத்தபிறகுதான் அழுதாள். வைஜெயந்தி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அந்த நேரம் ஒச்சம்மாவின் போன் அடித்தது. ஹாதிக்கு அணைந்து கிடந்த அதே நம்பர். ஸ்ரீதர்.

ஒச்சம்மா எல்லோரையும் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், என்ன முடிவு பண்ணீங்க? ரெண்டு பார்ட்டி லைன்ல நிக்கறாங்க."

"பணம் ரெடி சார். இங்க நெட்டுதான் சுத்திக்கிட்டே கெடக்கு, தீவு பாருங்க, போன்ல போக மாட்டேங்குது. பேங்குக்காரு தெரிஞ்சவரு, ஞாயித்துக்கிழமன்னாலும் போட்டுக் குடுப்பாரு. அக்கவுன்ட் நம்பர் சொல்லுங்க."

அவன் சொன்னான். அவள் இடுப்பில் செருகியிருந்த டாலி நோட்டை எடுத்து எழுதினாள். கிளை எது, கணக்கு யார் பெயரில் என்று கேட்டாள். மச்சான் பெயரில் என்று ஒரு பெயர் சொன்னான். அதையும் எழுதினாள். திருப்பி வாசித்துக் காட்டி, சரிதானே என்று கேட்டாள். சரி என்றான்.

"சரி தம்பி. இப்ப நான் சொல்றத நீ கேட்டுக்க. ஒன் வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். ஈரப்பலா காய்ச்சுத் தொங்குது. ஒன் கார்ப்பரேஷன் தண்ணி இந்தத் தெருவுக்கு நாளான்னைக்குத்தான் வருமாம். ஒரு புள்ளையோட வளையல வித்த காசு ஒங்கிட்ட இருக்கு. அது போன வழியே திரும்பி வர்ற வரைக்கும் ஒன்ன விட மாட்டேன்."

எதிர்முனையிலிருந்து கெட்ட வார்த்தை ஒன்று வந்தது. ஒச்சம்மா அதையும் முழுதாகக் கேட்டுவிட்டு, "இதயும் எழுதிக்கிறேன்," என்றாள். அவன் வைத்துவிட்டான்.

காவல் நிலையத்துக்கு நான்கு பேருமாகப் போனார்கள். வைஜெயந்தி கடைசி நிமிடத்தில் புடவை மாற்றிக்கொண்டு ஏறினார். அங்கிருந்த அதிகாரி புகாரைப் படித்துவிட்டு, ஆள் மெயின்லேண்டில் எங்கே உட்கார்ந்திருக்கிறானோ என்று பெருமூச்சு விட்டார். ஒச்சம்மா டாலி நோட்டின் தாளைக் கிழித்து மேஜையில் வைத்தாள். கணக்கு எண்ணும் பெயரும் கண்ணில் பட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "யே கிசனே லியா?" என்று கேட்டார். இதை வாங்கியது யார் என்று. அஸ்ரின் ஒச்சம்மாவைக் கைகாட்டினாள்.

ஹாதியும் அஸ்ரினும் அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கே திரும்பினார்கள். ஒச்சம்மாவும் கூடப் போனாள். அண்ணன் வாயைத் திறக்கும் முன், "ஒங்க தம்பி ஏமாந்ததுக்கு ஏசாதீக. புகார் குடுத்த தைரியத்துக்கு ரெண்டு வார்த்த நல்லதா சொல்லுங்க," என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அடுத்த ஞாயிறு துறைமுகத்தில் பெட்டிகளுக்குக் குறி போடும் கறுப்பு மையும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு வைஜெயந்தி வீட்டுக்கு வந்தாள். மதில் கெட்டுப்போகுமே என்று அவர் முனகினார். முனகியபடியே இந்தி வரியை அவர்தான் எழுதினார். தமிழ் வரி ஒச்சம்மாவுடையது: இந்த வீடு வாடகைக்கு இல்லை. பணம் கேட்பவன் திருடன்.

பேஸ்புக் குழுவிலும் அவன் நம்பரையும் அந்தப் பொய் அட்டையையும் போட்டாள். குழு நடத்துகிறவர் வம்பு வேண்டாமென்று நீக்கினார். மறுபடி போட்டாள். மறுபடி நீக்கினார். புது நம்பரிலிருந்து ஒரு மிரட்டல் வந்தது, உன் படத்தை அசிங்கமாக மாற்றிப் பரப்புவேன் என்று. விஜயகுமாரி நடுங்கிப்போனாள். ஒச்சம்மாவுக்கும் அன்று சோறு இறங்கவில்லை. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் காலையில் எழுந்து அந்த மிரட்டலையும் படம் பிடித்து, காவல் நிலையத்துக்கு ஒன்று அனுப்பிவிட்டு, குழுவிலும் போட்டாள். கீழே, "நான் ஒச்சம்மா. ஹேடோவில் வேலை. என் முகம் இதுதான்," என்று எழுதித் தன் படத்தைத் தானே வைத்தாள். இம்முறை நீக்கப்படவில்லை. இரண்டே நாளில் அதே ஸ்ரீதரிடம் ஏமாந்த பதினொரு பேர் கீழே வந்து பேசினார்கள். அதுவரை ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹாதியின் பணத்தில் பாதிக்குச் சற்று மேலாக வங்கியில் முடங்கியது. அது கைக்கு வர ஐந்து மாதம் ஆயிற்று. மீதி போனது போனதுதான். ஸ்ரீதர் என்று சொன்னவன் அகப்படவில்லை. அந்த வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடுத்திருந்த ஒருவனை மட்டும் பிடித்தார்கள்.

இதற்கிடையில் ஒச்சம்மாவுக்கு வீடு கிடைத்தபாடில்லை. ஹேடோவில் ஒரு மாடி வீடு காலி என்று கேள்விப்பட்டுப் போனாள். பழனிசாமி, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொள்ளாச்சிப் பேச்சு மாறாதவர். நாற்காலியில் உட்கார்ந்தபடி அவளை நிற்க வைத்து விசாரித்தார். ஊர் எது, சம்பளம் எவ்வளவு, கறி சமைப்பாளா, யார் யார் வந்து போவார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

"வீட்டுக்காரரு?"

"மெயின்லேண்ட்ல. வேற குடும்பத்தோட."

"தனியா இருக்கற பொம்பளைக்கு எப்படிங் அம்மிணி வீடு குடுக்கறது? நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கல்லோ."

"சரிங்கய்யா. நீங்க கேட்டு முடிச்சுட்டீகளா? இப்ப நான் கேக்குறேன். கரன்ட் பில்லு யார் பேருல வருது? அதக் காட்டுங்க. ஒங்க ஆதாரக் காட்டுங்க. முன்பணத்துக்கு ரசீது உண்டா? பத்திரத்துல அக்ரிமென்ட் போடுவீகளா? சாவிய எங்கையில குடுத்துப் பூட்டத் தொறந்து காட்டுவீகளா?"

பழனிசாமிக்கு முகம் சிவந்தது. "முப்பது வருசமா இந்தத் தெருவுல இருக்கறவன். என்னையவே சந்தேகப்படறியா நீயி?"

"ஒங்களுக்கு என் மேல சந்தேகம் வரலாம், எனக்கு ஒங்க மேல வரக் கூடாதா? நீங்க குடுக்கிறது நாலு சுவரு. நான் குடுக்கிறது ஆறு மாசம் வெயில்ல நின்ன காசு."

உள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பழனிசாமியின் மனைவி சுசீலா கையில் ஒரு தாளோடு வெளியே வந்தார்.

"இந்தாங்க, கரன்ட் பில்லு. பேரப் படிச்சுப் பாருங்க."

ஒச்சம்மா படித்தாள். சுசீலா பழனிசாமி.

"எங்கய்யன் எனக்கு எழுதி வச்ச எடமுங்க இது," என்றார் சுசீலா, கணவரைப் பார்க்காமலே. "இவரு வாசல்ல உக்காந்து ஆளுகள வெரட்டறதே வேலையா வச்சிருக்கறாரு. நாலு மாசமா மாடி சும்மாதானுங் கெடக்குது. நீங்க எப்ப வர்றீங்க?"

பழனிசாமி செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

அக்ரிமென்ட் எழுதிய அன்று ஒச்சம்மா ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். தண்ணீர் வரும் நாட்கள், தொட்டியில் அவள் பங்கு, வாடகை கூட்டுவதென்றால் எத்தனை மாதம் முன்னே சொல்ல வேண்டும், எல்லாம் இருந்ததா என்று பார்த்தாள். மாடிக்கு ஏறிப் பூட்டைத் திறந்து, இரண்டு அறையையும் சுற்றிவந்து, குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வந்து கையெழுத்துப் போட்டாள்.

சாமான் கொண்டுவர ஹாதி கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்தான். அஸ்ரின் ஒரு டப்பா நிறைய இடியாப்பம் கொண்டுவந்தாள். வைஜெயந்தி ஒரு பழைய பீரோவை, எடுத்துக்கொண்டு போங்கள், இடத்தை அடைக்கிறது என்று தள்ளிவிட்டார். எல்லாம் மாடிக்கு ஏற்றி முடித்து, அவர்கள் போனபிறகு, ஒச்சம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுத்தியலை எடுத்தாள். காலண்டரும் கண்ணாடியும் மாட்ட வேண்டும். முதல் ஆணியை அடித்தாள். வீடே அதிர்ந்தது.

கீழேயிருந்து பழனிசாமியின் குரல் வந்தது. "அம்மிணி! சொவத்துல ஆணி அடிக்கக் கூடாதுங்!"

ஒச்சம்மா பீரோவிலிருந்த அக்ரிமென்டை எடுத்து மூன்று பக்கத்தையும் நின்று நிதானமாக ஒருமுறை படித்தாள்.

"ஆணியப் பத்தி இதுல ஒண்ணுமே எழுதலைங்கய்யா!" என்று சன்னல் வழியே சொல்லிவிட்டு, இரண்டாவது ஆணியைச் சுவரில் வைத்தாள்.